வெள்ளைத் தாள் அச்சகம்

அச்சக வேலையை விட்டுவிட்டு வந்த அன்று வாசலிலேயே அறிவித்தேன்.

"இனிமே யாருக்கும் கைகட்டி நிக்க மாட்டேன். ஆன்லைன் பிரின்டிங். நான்தான் முதலாளி."

"சரிங்க முதலாளி. செருப்பை ஓரமா விடுங்க," என்றாள் என் மனைவி.

பின்னறையில் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் இணையதளத்தில் கொட்டினேன். விசிட்டிங் கார்டு வேண்டுமென்றால் தாளின் கனம், வெட்டுக்கு விடும் ஓரம், நிறக் கலவை எல்லாவற்றையும் வாடிக்கையாளர் நிரப்ப வேண்டும். நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். கூட்டம் அலைமோதும் என்று சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு ஈ வந்தது. அதற்கும் கார்டு தேவைப்படவில்லை.

பழைய முதலாளி நல்ல மனிதர். "மாசக் கடைசி வரைக்கும் உன் இடத்துல ஆள் போட மாட்டேன்," என்றிருந்தார். மாதமோ தேய்ந்துகொண்டிருந்தது. திரும்பிப் போனால் மானம் போகும். போகாவிட்டால் சோறு போகும்.

மனைவிக்குத் தெரியக் கூடாது. வெள்ளைத் தாளை விட்டு இயந்திரத்தை ஓட்டினேன். வெளியே வந்த தாளையே மறுபடி விட்டேன். ஓடி ஓடித் தாள்களுக்கே மூச்சு வாங்கியது.

"ஆர்டர் நிறைய போல?" என்றாள், கதவுக்கு வெளியே.

"தலை நிமிர நேரமில்ல!"

"டீ கொண்டு வரட்டா?"

"கதவைத் திறக்காதே! மை காயணும்!"

சில நாளில் அதிசயம். ஆர்டர் வந்தது. தையல் கடை, பல் டாக்டர், டிரைவிங் ஸ்கூல். ஒருவர்கூடப் பிசகாமல் எல்லாம் நிரப்பியிருந்தார்கள்.

"பாத்தியா என் வெப்சைட்டை! ஜனங்க எவ்வளவு விவரமா இருக்காங்க!"

"அடேங்கப்பா," என்றாள்.

பழைய முதலாளியிடம் வேறு ஆள் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அதே மிதப்பில், பெரிய ஆர்டர் தந்த பல் டாக்டருக்கு நன்றி சொல்ல, ஆர்டரில் இருந்த எண்ணை அழுத்தினேன்.

சமையலறையில் மணி அடித்தது.

அடுப்பைப் பார்த்தபடியே எடுத்தாள். "வணக்கம், சொல்லுங்க. விசிட்டிங் கார்டா, நோட்டீஸா?"

நடந்துபோய் அவள் பின்னால் நின்றேன்.

"இது எப்பலேர்ந்து?"

"நீங்க வெள்ளைத் தாள் ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மெஷின் சத்தம் கேக்குது, பார்சல் டேப்பை இழுக்கிற சத்தம் கேக்கல. அடிச்சதையெல்லாம் தின்னீங்களா?"

அவளே ஒரு கார்டு ஆர்டர் செய்து பார்த்திருக்கிறாள். முதல் பக்கத்திலேயே கண்ணைக் கட்டியிருக்கிறது. இணையதளம் செய்துகொடுத்த தன் தம்பியை அதட்டி, 'ஒண்ணும் புரியலையா? போன் பண்ணுங்க' என்று, இதற்கென்றே வாங்கிய புது எண்ணைப் போட வைத்துவிட்டாள். கூப்பிட்டவர்களிடம் பேசி, அவளே நிரப்பியிருக்கிறாள்.

"தாள் கனமெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?"

"ராத்திரி தூக்கத்துல அதைத்தானே பேசறீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா போனை நீங்க எடுப்பீங்க. அவங்க வெச்சிடுவாங்க."

வீடு, பிள்ளைகள் படிப்பு, பின்னறை போதாமல் எடுத்த கட்டடம் எல்லாமே அந்தக் குரல் தந்தது. அவள் போய் வருஷங்கள் ஆகின்றன. எண்ணை நான் மாற்றவில்லை. போன வாரம்கூடப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார்.

"அம்மா இல்லீங்களா? நீங்க யாருங்க?"

"நான் அவங்ககிட்ட வேலை பாத்தவன்."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, விடுங்க," என்று வைத்துவிட்டார்.