ஃப்யூஸ் பிடுங்கிய வண்டி வைத்தியர்

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வீட்டு பீரோவைத் தூக்குவதில்லை என்று சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே வண்டி வைத்தியர் சபதம் செய்துவிட்டார்.

வண்டி வைத்தியர் என்பது தெரு வைத்த பெயர். யாருடைய மோட்டார் சைக்கிள் இருமினாலும் பக்கத்தில் போய் நிற்பார். பேட்டரி என்பார், பிளக் என்பார், பெட்ரோலில் தண்ணீர் என்பார். மூன்றில் ஒன்று சரியாகிவிடும். சொந்த வண்டியின் பக்கவாட்டு மூடியை மட்டும் அவர் தொட்டதே கிடையாது. அது மனைவியின் இலாகா. மாதம் ஒருமுறை பேட்டரி முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியை வெந்நீர்த் துணியால் துடைத்து, திருகை முறுக்கி, வாஸ்லைன் தடவுவாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, எப்படித் தடவவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

பீரோவுக்கு வருவோம். மனைவியின் அண்ணன் வீடு மாறுகிறார். புது வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போன தடவை அவர் வீடு மாறியபோது, ஆணி வாங்கி வருகிறேன் என்று வண்டியில் போன நம்மவர், கடைசி நாற்காலியும் மேலே ஏறிய பிறகுதான் திரும்பினார். கையில் நான்கே நான்கு ஆணி. இந்தத் தடவை மைத்துனர் முன்கூட்டியே இரண்டு பெட்டி ஆணி வாங்கிவிட்டார்.

இடுப்பு வலி என்று படுத்துவிடலாம்தான். ஆனால் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பொய் வலியோடு வருகிறவர்களை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே, தனக்கு வரமுடியாத நோயை வண்டிக்கு வரவழைப்பது என்று தீர்மானித்தார். அன்று மாலை அவள் வேலையிலிருந்து திரும்புவதற்குள் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை அவரைப் போல உற்சாகமான மாப்பிள்ளையை யாரும் பார்த்திருக்க முடியாது. மச்சான் காத்துக்கொண்டிருப்பாரே என்று மனைவியை அவசரப்படுத்தினார். வண்டியில் ஏறி ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினார். வண்டி வாயே திறக்கவில்லை. பெட்ரோல் டாங்கில் காதை வைத்துக் கேட்டார். பிறகு, டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றுவதுபோல ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"பேட்டரி போயிடுச்சு."

"ஹாரன் அடிச்சுப் பாத்தீங்களா?"

"ம்ஹும். சத்தமே இல்ல."

"லைட்டு?"

"அதுவும் இல்ல."

"பேட்டரி தளர்ந்தா கொஞ்ச நாள் முனகுமே. லைட்டு மங்கும், பொத்தானை அமுக்கினா டிக் டிக்னு கேக்கும். இது நேத்து மத்தியானம் வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?"

"திடீர் மரணம்," என்றார் வைத்தியர். "சிலதுக்கு அப்படி ஆகும்."

அவள் குனிந்து மூடியைக் கழற்றினாள். பேட்டரி முனையில் விரலை வைத்து ஆட்டிப் பார்த்தாள். அது ஆடவில்லை, வைத்தியர்தான் ஆடினார். விரல் கறுப்புப் பெட்டிப் பக்கம் நகர்ந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு அவள் மூடியை மாட்டிவிட்டு எழுந்தாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து வண்டி ஓடவில்லை என்று அவள் சொன்னதை ஆனந்தமாகக் கேட்டபடி கட்டிலில் சாய்ந்தார்.

கால் மணி நேரத்தில் வாசலில் ஒரு சாமான் வண்டி வந்து நின்றது. மைத்துனர் இறங்கினார். "உங்க வண்டி ஓடலேன்னா என்ன மாப்பிள்ள, இது ஓடுதே. ஏறுங்க."

மனைவி சின்ன வேலையை முடித்துவிட்டுப் பின்னால் வருவதாகச் சொன்னாள். நம்மவர் சுருட்டிய மெத்தைகளுக்கு நடுவே, நிலைக்கண்ணாடியை மடியில் பிடித்தபடி போனார். வழி முழுக்க அதில் தன் முகத்தையே பார்க்க வேண்டியிருந்தது.

பீரோ ஏறியது. முதல் மாடித் திருப்பத்தில் நகரவில்லை, இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் நகரவில்லை. நடுவில் கயிறு வாங்கி வரட்டுமா என்று கேட்டுப் பார்த்தார். எதில் போவீங்க என்று கேட்டார் மைத்துனர்.

பீரோவை மூன்றாவது மாடியில் இறக்கி, அதன்மேலேயே சாய்ந்து மூச்சு வாங்கும்போது கீழே பழகிய இரைச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தார். மனைவி அவருடைய வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

மாடி ஏறி வந்தவளிடம், எப்படி என்று கேட்கக்கூட அவருக்கு மூச்சில்லை. அவளே சொன்னாள்.

"அந்தப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் உபரி ஃப்யூஸ் ஒண்ணு சொருகியிருக்கும். கம்பெனிக்காரனே வெச்சுக் குடுக்கறது. அதைப் போட்டேன், ஓடுச்சு."

"அப்ப... காலையிலயே தெரியுமா?"

"பெட்டி சரியா மூடாம இருந்துச்சே."

"தெரிஞ்சா அப்பவே போட்டிருக்கலாமே?"

"போட்டிருந்தா வண்டி உங்க கையில இருந்திருக்கும். ஆணி இருக்குன்னா கயிறு வாங்கப் போயிருப்பீங்க. நல்லவேளை, நீங்களே பிடுங்கிட்டீங்க." கையை நீட்டினாள். "அதைக் குடுங்க. உபரி இல்லாம வண்டி வெச்சிருக்கக் கூடாது."

வைத்தியர் சட்டைப் பையிலிருந்து ஃப்யூஸை எடுத்துக் கொடுத்தார். அந்த இரண்டு நாளில் அவர் தானாக விரும்பித் தூக்கிய சாமான் அது ஒன்றுதான்.