துருப் பாதுகாப்பு உபகுழு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெரிய மனிதன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சக்கரம் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் கலையைக் கண்டுபிடித்தவர்களே நாகரிகத்தை அதன் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். அத்தகையோரில் ஒருவர் என் அண்ணன். அவருக்குச் செயலாளராக இருக்கும் பேறு எனக்கு வாய்த்தது.

பிழைக்க வந்த நாட்டில் எங்கள் மூவர் வயிற்றையும் நிரப்புவது அண்ணியின் சலவைக் கடை. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகள் அங்கே அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பிப் போகும். அவற்றைச் சுமந்துகொண்டிருந்த வேன் ஒரு நாள் சாலை நடுவில் உயிரை விட்டது. இல்லத்தின் மேற்பார்வையாளர் அம்மாள் கண்டிப்பானவர். "திங்கட்கிழமை காலையில விரிப்பு வந்தாகணும். ஒரு வாரம் தவறினாலும் வேற கடையைப் பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டார்.

அண்ணி தன் சேமிப்பை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

"என்னங்க, ஒரு வேன் வாங்கிட்டு வாங்க. ஓடணும். கதவு மூடணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

தொலைநோக்கு இல்லாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

நானும் அண்ணனும் கப்பலேறி அடுத்த நாட்டுக்குப் போனோம். அங்கே ஒரு பண்ணையின் கொட்டகையில், அண்ணனைவிட வயதில் மூத்த வேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. நின்றது என்பது மரியாதைக்காகச் சொல்வது. பக்கவாட்டில் மங்கிய எழுத்துகள். 'சலவை நிலையம்' என்று எழுதியிருப்பதாகப் பண்ணைக்காரர் சொன்னார்.

"பாத்தியாடா, சலவை வேன்! இது நம்மள கூப்பிடுதுடா."

"அண்ணே, கூப்பிடுறது கோழி. உள்ள இருக்கு."

"கோழி நேத்து வந்தது. சலவை முதல்லயே இருந்தது."

பண்ணைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு, கைக்குட்டையால் முகத்தை மூடிக் குலுங்கினார். பிரிவுத் துயரம் என்று எண்ணி நாங்களும் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தோம். வேனை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோதுதான் சத்தம் வெளியே வந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் வேன் இறங்கியது. அண்ணி ஈரக் கையோடு வெளியே வந்து அதை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இது ஓடுமா?"

"இது பாரம்பரியம்."

"ஓடுமான்னு கேட்டேன்."

"ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கு பாரு! அந்த நாட்டுல அப்படித்தான்."

"கதவாவது மூடுமா?"

"கிடைச்சதும் மூடும்," என்றார் அண்ணன்.

மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். அவரை எல்லோரும் 'டாக்டர்' என்பார்கள். பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எத்தனை நாளா இப்படி?" என்று விசாரிப்பது அவர் வழக்கம். ஒரே வாரத்தில் கோழிகளை இறக்கி, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கதவை மாட்டி, இன்ஜினுக்குப் புது பெல்ட் போட்டுவிட்டார்.

"எடுத்துட்டுப் போங்க. கொஞ்சம் இருமும். போகப் போகச் சரியாயிடும்."

அண்ணி முதல் கூடையைத் தூக்கினார். அந்த நேரத்தில்தான் பழம்பெரும் வாகன ரசிகர் மன்றத் தலைவர் வந்து சேர்ந்தார். நடந்துதான் வந்தார். மன்றத்தில் யாரிடமும் ஓடும் வண்டி கிடையாது.

"நிறுத்துங்க! என்ன பெல்ட் இது?"

"புதுசு சார்," என்றார் டாக்டர் பெருமையாக.

"புதுசா!" தலைவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "கொன்னுட்டீங்களே! இது வேன் இல்லம்மா, சரித்திரம். சரித்திரத்துக்கு யாராவது புது பெல்ட் போடுவாங்களா?"

"சரித்திரத்துல துணி ஏத்தலாமா?" என்று அண்ணி கேட்டார்.

"அதுல சாயவே கூடாதும்மா! சார்தான் இதுக்குப் பாதுகாவலர்."

அண்ணனின் கண்கள் கலங்கின. வாழ்நாளில் முதல் முறையாக அவரை ஒருவர் 'பாதுகாவலர்' என்று அழைத்திருந்தார். பெல்ட் கழற்றப்பட்டது. டாக்டர் அதைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். "எழுந்து உக்காந்த பேஷன்ட்டைப் பிடிச்சுப் படுக்க வெக்கிற குடும்பத்தை இப்பத்தான் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அறிவியல் படித்தவர்களுக்கு அழகியல் விளங்குவதில்லை.

அன்று முதல் எங்கள் இஸ்திரி மேசையைச் சுற்றி வாரந்தோறும் மன்றம் கூடியது. கூட்டம் மௌனத்துடன் தொடங்கும். யாருக்காக மௌனம் என்று நான் கேட்டதில்லை. வேன் எதிரேதான் இருந்தது.

முதல் நெருக்கடி என்னால் வந்தது. நல்லெண்ணத்தில் உப்புத்தாளை எடுத்து ஒரு மூலையில் துருவைத் தேய்த்துவிட்டேன். தலைவர் அதைத் தடவிப் பார்த்து, நாற்காலி கேட்டார்.

"தம்பி, அது அசல் துரு. இப்ப அந்தத் துருவுக்கு நான் எங்க போவேன்?"

அவசரமாக 'துருப் பாதுகாப்பு உபகுழு' அமைக்கப்பட்டது. தேய்த்த இடத்தில் தினமும் உப்புத் தண்ணீர் தெளித்தோம். துரு பிடித்தது. உபகுழு பூதக்கண்ணாடியுடன் வந்து பார்த்துவிட்டு, "இது போன வாரத் துரு. அனுபவம் பத்தாது," என்று நிராகரித்தது.

அடுத்து எழுந்தது தத்துவப் பிரச்சினை. வேனை எந்தக் காலத்துக்குத் திருப்புவது? சலவைக் காலத்துக்கா, கோழிக் காலத்துக்கா?

"சலவை கொஞ்ச காலந்தான். கோழிதான் ரொம்ப வருஷம் இருந்திருக்கு. மெஜாரிட்டி கோழிக்குத்தான்," என்றார் பொருளாளர்.

"கோழிக்கு ஓட்டு உண்டா?" என்றேன்.

"செயலாளர் அரசியல் பேச வேண்டாம்."

சமரசமாக, தோற்றம் சலவைக் காலத்ததாகவும் வாசனை கோழிக் காலத்ததாகவும் இருக்கட்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

இந்த வரலாற்றுப் பணிகள் நடந்துகொண்டிருக்க, அண்ணி விரிப்பு மூட்டைகளோடு பஸ்ஸில் போனார். மூட்டை இரண்டு பேர் இடத்தை அடைத்ததால் பஸ்காரர் ஏற்ற மறுத்தார். பிறகு அண்ணி எங்கிருந்தோ ஒரு தள்ளுவண்டியைப் பிடித்தார். அதில் ஒரு சக்கரம் எப்போதும் இடது பக்கமே போக விரும்பியது. மழையில் துணிக்குத் தன் கோட்டைப் போர்த்திவிட்டு நகரத்தின் குறுக்கே தள்ளிக்கொண்டு போவார்.

"தம்பி, மேடு வரைக்கும் ஒரு கை பிடியேன்."

"தலைவர் வர்ற நேரம் அண்ணி."

அவர் என்னைப் பார்ப்பார். நான் வேனைப் பார்ப்பேன்.

ஒருவழியாக, உலகத்தின் ஏதோ மூலையிலிருந்து 'அசல்' பெல்ட் தபாலில் வந்தது. பழைய வாகனக் கண்காட்சியும் வந்தது. திங்கட்கிழமை. வண்டி தன் ஆதித் தொழிலோடு காட்சி தர வேண்டும், நடுவர்கள் முன் இன்ஜின் ஒலிக்க வேண்டும் என்பவை விதிகள். சலவை வேன் என்றால் கூடைகள் வேண்டும். கூடைகளில் வெள்ளைத் துணி வேண்டும். எங்கே தேடுவது? அண்ணி கடையில் மடித்து அடுக்கித் தயாராக வைத்திருந்தார். அவர் சோப்பு வாங்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் ஏற்றினோம். பிறகு வேனை லாரியில் ஏற்றினோம். ஓட்டிக்கொண்டு போனால் டயர் தேயும்.

மைதானத்தில் வேனைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதீர்' என்று பலகை மாட்டினோம். நடுவர்கள் வந்தார்கள். ஒருவர் உள்ளே மூக்கை நீட்டி முகர்ந்து, "கோழி! என்ன நேர்மை!" என்று உருகினார். அண்ணன் இன்ஜினைக் கிளப்பி விட்டுக் கீழே இறங்கிக் கை கட்டி நின்றார். வேன் இருமியது, பிறகு சீராக முழங்கியது. நடுவர்கள் கண்களை மூடிக்கொண்டார்கள்.

அந்தப் புனித வேளையில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. அண்ணி மூச்சு வாங்க வந்து நின்றார்.

"என்னங்க, துணி எங்க?"

"உஷ்! தீர்ப்பு நடக்குது."

"அங்க பெரியவங்க எல்லாம் வெறும் மெத்தையில உக்காந்துட்டு இருக்காங்க. மத்தியானத்துக்குள்ள வரலைன்னா வேற கடைக்குச் சொல்லிடுவேன்னு அந்தம்மா போன் பண்ணிட்டாங்க. துணி எங்க?"

நடுவர் கண்ணைத் திறந்தார். "அம்மா, கூடையைத் தொடாதீங்க. அது காட்சிப் பொருள்."

அண்ணி அண்ணனைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அதைச் சம்மதம் என்று அண்ணன் எடுத்துக்கொண்டது, பல வருட இல்லறத்துக்குப் பிறகும் அவரிடம் எஞ்சியிருந்த வெகுளித்தனத்தைக் காட்டுகிறது.

அண்ணி கயிற்றைத் தாண்டிக் கதவைத் திறந்து ஏறினார். அங்கே ஸ்டியரிங் இல்லை. இறங்கி மறுபக்கம் போய் ஏறினார். வேன் முதலில் பின்னால் போனது, நடுவர்கள் சிதறினார்கள். பிறகு முன்னால் போனது. கயிறும் கூடவே போனது. அதன் நுனியில் 'தொடாதீர்' பலகை, வழியில் இருந்த எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே போயிற்று.

அண்ணன், தலைவர், நான் மூவரும் காவல் நிலையத்துக்கு ஓடினோம். அதிகாரி ஒரு பெண்மணி. நிதானமாகப் பேனாவைத் திறந்தார்.

"வேனை யார் எடுத்துட்டுப் போனது?"

"என் மனைவி."

"யார் பணத்துல வாங்கினது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அவ பணந்தான்."

"அப்ப என்னதான் புகார்?"

அண்ணன் மேசை மேல் குனிந்தார். "அதுல சாமான் ஏத்தியிருக்கா மேடம்!"

தலைவர் தலை குனிந்தார். அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். அப்போது போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். பலகையை இழுத்துக்கொண்டு ஓடிய வேனைத் துரத்திப் போன ரோந்துக்காரர்தான்.

"வேன் கிடைச்சிருச்சு. முதியோர் இல்லத்து வாசல்ல நிக்குது. பெரியவங்க எல்லாம் ஜன்னல்ல நின்னு கைதட்டுறாங்களாம்."

"ரசனை உள்ளவங்க!" தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் காலத்து வண்டியைப் பாத்ததும்..."

"துணி வந்துச்சுன்னு தட்டுறாங்க சார்." அதிகாரி அண்ணன் பக்கம் திரும்பினார். "வேன் வாங்கி எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"இவ்வளவு நாளா அவங்க எப்படிக் கொண்டு போனாங்க?"

"தள்ளுவண்டியில," என்றேன், செயலாளர் என்ற முறையில்.

அதிகாரி காகிதத்தை நேராக்கிக்கொண்டார்.

"சரி, எழுதிக்கிறேன். வேனைப் பறிகொடுத்தவர் பேரு?"

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தித் தன் பெயரை முதலெழுத்தோடு சொன்னார். பேனா அசையவில்லை.

"எடுத்துக்கிட்டவங்க மூணு பேர் பேரையும் அப்புறம் எழுதிக்கிறேன்," என்றார் அதிகாரி. "முதல்ல பறிகொடுத்தவங்க பேரைச் சொல்லுங்க."