லெவோனா ஆய்வுக்குழு

மனித குலம் எத்தனையோ பெரிய கேள்விகளைக் கேட்டிருக்கிறது. அவற்றுள் ஆகப் பெரியதை, மானிப்பாய்ப் பக்கத்துச் சின்னக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றின் பங்குச்சபைச் செயலாளர் எமிலியாம்பிள்ளை கேட்டார்: "தொண்ணூறாம் ஆண்டு தொடக்கம் அஞ்சு வருஷம் எங்கடை கோயிலிலை மணந்தது என்ன மணம்?"

கேட்டதோடு நின்றிருந்தால் பூனைகள் வந்திருக்கமாட்டா.

பழைய ஏற்பாட்டுத் தூபத்தில் கடற்சிப்பியும் சேரும் என்று யூடியூப்பில் ஒரு தாடிக்காரர் சொல்ல, அந்த மணத்தைத் திரும்ப எழுப்பவென்று ஞாயிறு பூசையில், தூபக்கலசத்துத் தணலில் ஒரு கைப்பிடி சிப்பித்தூளைப் போட்டார் எமிலியாம்பிள்ளை. கருவாடு சுட்ட புகை எழுந்தது.

"ஆற்றை வீட்டுச் சட்டி கருகுது?" என்றார் முன்வரிசை லூர்த்தம்மா.

நாலு பூனைகள் வந்து பீடத்தடியில் பக்தியோடு குந்தின.

பூசை முடிய பங்குச் சுவாமியார் கூப்பிட்டார். "எமில், நூற்றைம்பதாம் ஆண்டுத் திருவிழாவுக்கு ஆயர் வாறார். பழைய மணம் வருமெண்டு அழைப்பிதழிலை அடிச்சது நீர். கண்டுபிடியும். இல்லாட்டிக் கோயில் திறப்பைக் கொண்டுவந்து தாரும்."

முப்பத்தைந்து வருஷம் இடுப்பில் தொங்கிய கோயிற் சாவி! உடனடியாக 'லெவோனா ஆய்வுக்குழு' உதயமானது. லெவோனா என்றால் எபிரேயத்தில் திருத்தூபப் பிசின். சாம்பிராணி என்று சொன்னால் எவர் கூட்டத்துக்கு வருவார்? முதற் கூட்டத்தில், இரண்டாம் கூட்டத்துக்கான திகதி ஏகமனதாக நிறைவேறியது.

குழு ஊரெல்லாம் கடிதம் போட்டது. விரிவுரையாளர் ஒருவர், "இது தனியான ஆய்வுக்குரியது" என்று எழுதினார். கனடாவிலிருந்து எமிலியாம்பிள்ளையின் மருமகள் கஜந்தினி கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் அனுப்பினாள். நேரான பதில் எங்கும் இல்லை.

"டவுனிலை ஹனீபாவின்ரை மகள் சாம்பிராணிக் கடை திறந்திருக்கிறா," என்றார் லூர்த்தம்மா. "புத்தளத்திலை இருவது வருஷம் அகதியாய்க் கிடந்திட்டு வந்த பிள்ளை. தகப்பன்ரை தொழில். அவவிட்டைக் கேளுமன்."

எமிலியாம்பிள்ளை இரண்டு தடயங்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஒன்று, ஹோர்லிக்ஸ் போத்தலில் மிஞ்சிய கடைசிக் கட்டி. மற்றது, அது வந்த சாக்கு. திருப்பண்டம்போல மடித்து அலுமாரியில் வைத்திருந்தார்.

கடையில் ஹனீபாவின் மகள் ஸக்கியா போத்தலைத் திறந்து முகர்ந்தாள். கண்ணை மூடினாள்.

"லுபான்," என்றாள். "அரபு நாட்டுச் சாம்பிராணி. முதல்தரம். உங்களுக்கு எங்காலை கிடைச்சது?"

"ஆண்டவர் அனுப்பினது, தங்கச்சி!" எமிலியாம்பிள்ளைக்கு உற்சாகம் பிடிபடவில்லை. "தொண்ணூறு ஐப்பசி, சண்டைக்காலம். சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. லொறியிலை வந்த இயக்கப் பொடியள் ஒரு சாக்கை இறக்கி, 'கோயிலுக்கு வைச்சிருங்கோ' எண்டாங்கள். அஞ்சு வருஷம் எரிச்சம். என்ன மணம்!"

"ஆற்றை சாக்கெண்டு கேக்கேல்லையோ?"

"அருள் வரேக்கை விலாசம் கேக்கிறதே?"

ஸக்கியா சாக்கை விரித்தாள். மூலையில் நீலப் பெயின்ரில் ஒரு பிறை, கீழே 'ஹ'. எமிலியாம்பிள்ளை அதைப் புராதன எபிரேய எழுத்து என்று மூன்றாம் கூட்ட அறிக்கையில் பதிந்திருந்தார்.

"வாப்பாவின்ரை எழுத்து," என்றாள். "அந்தப் பொடியள்தான் முஸ்லிம் சனம் முழுக்க ரண்டு மணித்தியாலத்திலை ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னாங்கள். இந்தச் சாக்கைச் சைக்கிளிலை ஏத்தப் பாத்தவர். பறிச்சுப்போட்டாங்கள். புத்தளத்திலை மௌத்தாகிக் கண்ணை மூடுமட்டும், 'என்ரை லுபான் என்னாச்சோ' எண்டு கேட்டுக்கொண்டேதான் இருந்தவர்."

அந்த ஐப்பசியில் சாக்கின் வாய் நீல நூலால் தைக்கப்பட்டிருந்ததும், தானே கத்தரிக்கோலால் வெட்டியதும், பிறையைப் பார்த்ததும், பார்த்துவிட்டுச் சாக்கை மறுபக்கம் திருப்பி வைத்ததும் எமிலியாம்பிள்ளைக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஆனால் செயலாளர் நாக்கு முந்திக்கொண்டது.

"நல்ல காரியத்துக்குத்தானே போனது, தங்கச்சி... திருவிழாவுக்கும் இந்த மணத்தைத்தான் தேடுறம். எபிரேயத்திலை லெவோனா எண்டு சொல்லுறது—"

ஸக்கியா சாக்கை நாலாக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எபிரேயம் எனக்குத் தெரியாது, அண்ணை. தமிழிலை இதைக் களவு எண்டு சொல்லுறது."