அவள் இன்னும் லிஃப்ட்டில்தான் இருக்கிறாள்

“உலகத்துல எழுதின அத்தனை நாவலும் முதல் வரியிலேயே முடிஞ்சுபோச்சு டாக்டர். மிச்சமெல்லாம் காகிதச் செலவு,” என்றார் பதிப்பாளர்.

“அப்ப ரெண்டாவது வரி, சார்?” என்று கேட்டார் பல் டாக்டர்.

“அது பொறுமை இல்லாதவங்க எழுதுறது.”

படைப்பெழுத்து வகுப்பில் சேர்ந்த அன்று நடந்த இந்தப் பேச்சு, இரண்டு வருடம் ஆகியும் டாக்டரின் மனசில் ஈறு வீக்கம்போல விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அதுவரை, எந்தக் காரியத்தையும் ஆரம்பித்தால் முடித்துவிட வேண்டும் என்று நம்பியவர் அவர். பாதி பல்லைப் பிடுங்கிவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்று அவர் யாரையும் அனுப்பியதில்லை. இலக்கியம் வேறு ஜாதிப் பல் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வகுப்பை நடத்தியது தனித்து இயங்கும் ஒரு சிறு பதிப்பகம். எவ்வளவு தனித்து என்றால், புத்தகம் வாங்குகிறவர்கள்கூட அதன் தனிமையைக் கலைத்ததில்லை. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில், ‘தக்க வாசகருக்காகக் காத்திருக்கும்’ நூல்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். வகுப்புக்கு வருகிறவர்கள் அவற்றின் மேல்தான் உட்கார வேண்டும். கவிதைக் கட்டு தாழ்வு. எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டும். நாவல் கட்டு முதுகுவலிக்காரர்களுக்கு உகந்தது. நாற்காலி வாங்குவது வணிகத்தனம் என்பது பதிப்பாளரின் கொள்கை. எழுத்தாளர்களை உருவாக்கும் மும்முரத்தில் புத்தகம் போடுவதையே அவர் சில வருடங்களாக நிறுத்திவைத்திருந்தார். தியாகம் என்றால் அதுவல்லவா தியாகம்!

ஞாயிறுதோறும் எல்லோரும் அவரவர் முதல் வரியைச் செதுக்கிக்கொண்டு வர வேண்டும். அதையே. மறுபடியும் அதையே. பல் டாக்டரின் வரி இது: ‘பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்பியவள் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டாள்.’

“பெட்டியில என்ன இருக்குன்னு விவரமே இல்லையே. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா?” என்றார் கவிதைக் கட்டில் இருந்த ஆடிட்டர்.

“அவ மூச்சு விடுறாளா? எனக்குக் கேக்கலை,” என்றார் யோகா டீச்சர்.

பதிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். “பெட்டியைப் பிடுங்கிடுங்க. வெறுங்கையோட மாட்டட்டும்.”

பிடுங்கினார். அடுத்த ஞாயிறு பதிப்பாளர் துடித்துப்போனார். “ஐயோ, பெட்டி எங்க டாக்டர்? அதுதானே இந்த வரிக்கு உயிரு!”

பெட்டி திரும்பி வந்தது. இப்படியே அவள் புடவை மாறினாள், மாடி மாறினாள், ஒரு மாதம் முழுக்க இருட்டில் நின்றாள், பிறகு விளக்கு போட்டார்கள். இறங்க மட்டும் விடவில்லை.

வகுப்பின் தலையாய விதி, வரியைப் பற்றிப் பேசும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது. வாரம் முழுக்க ஊராரை ‘ஆ காட்டுங்க’ என்று அதட்டும் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாயைப் பூட்டிக்கொண்டு நாவல் கட்டில் உட்கார்ந்திருந்தார். ‘சார், அடுத்த வரி எழுதிக்கட்டுமா?’ என்ற கேள்வி ஒவ்வொரு வாரமும் நாக்கு நுனிவரை வரும். கொப்பளிக்கக் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிடும் நோயாளிபோல அதை மடக்கென்று விழுங்கிவிடுவார்.

வீட்டில் வேறு பிரச்சினை. டாக்டருடைய கணவரின் தங்கை, அதாவது நாத்தனார், தன் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு வந்து மாதக்கணக்காகிறது. அண்ணி எழுதிய வரியைக் கேட்ட தைரியத்தில்தான் கிளம்பினாள் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. பெட்டியை இன்னும் திறக்கவில்லை. டிவி பக்கத்தில் பூட்டியபடியே நின்றது.

“என்ன அண்ணி, இன்னைக்காவது வெளிய வந்தாளா?”

“இல்லம்மா. இன்னைக்கு லிஃப்ட்டுக்கு என்ன கலர்னு பேசினோம்.”

“அடப்பாவமே, பசிக்காதா அவளுக்கு? அவ கீழ போறாளா, திரும்ப மேலயே போறாளான்னு தெரிஞ்சாத்தானே நானும் ஒரு முடிவுக்கு வர முடியும்!”

“ஏய், அது கதைடி!”

“வேற யாரைக் கேக்கச் சொல்றீங்க? அண்ணனைக் கேட்டா, ‘உன் இஷ்டம்’னு பேப்பரைத் தூக்கி முகத்தை மறைச்சுக்கிறார்.”

அவள் வீட்டுக்காரர் தினமும் போன் செய்வார். “வர்றியா, இல்லையா?” என்பார். “லிஃப்ட் இன்னும் திறக்கலைங்க,” என்பாள். மனுஷன் பயந்துபோய் டாக்டருக்கே போன் போட்டார்.

“அக்கா, அந்த லிஃப்ட் எங்க இருக்கு? நான் வேணா மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரட்டுமா? என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. பெரிய வீடா பாக்கவா, ஒத்தை ரூமா பாக்கவா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லியாகணும். அவ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடலைக்கா.”

அந்த ஞாயிறுதான் நூல் வெளியீடு! ஆம், பதிப்பகம் தன் தியாகத்தை ஒருநாள் கைவிட்டு, மாணவர்களின் முதல் வரிகளைப் புத்தகமாகப் போட்டது. பக்கத்துக்கு ஒரு வரி, மிச்சம் வெள்ளை. ‘வாசகர் பங்களிப்புக்கான வெளி’ என்று முன்னுரை விளக்கியது.

நாத்தனார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பெட்டியோடு. இன்றைக்கு எப்படியும் முடிவு தெரிந்துவிடும், நேராகக் கிளம்பிவிடலாம் என்று ஏற்பாடாக வந்திருந்தாள்.

பதிப்பாளர் மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது.

“டாக்டரோட லிஃப்ட் எந்தக் காலத்துலயும் திறக்காது! அவ இறங்கவே மாட்டா! நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலயும் அங்கயேதான் நிப்பா! அதுக்குப் பேர்தான் இலக்கியம்!”

கைதட்டல் அடங்கவில்லை. யோகா டீச்சர் மூச்சை இழுத்து விட்டு அழுதார். நாத்தனார் மட்டும் தட்டவில்லை. பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள். ‘அப்ப நான்?’ என்று கேட்டது அந்தப் பார்வை.

ஏற்புரைக்கு டாக்டரை அழைத்தார்கள். எழுந்தவரின் காதில் ஆடிட்டர் கிசுகிசுத்தார். “விதி ஞாபகம் இருக்கட்டும். ‘நன்றி’ன்னு ஒரே வார்த்தை, உக்காந்துடுங்க.”

டாக்டர் மைக் முன்னால் வந்து நின்றார். நாக்கு நுனிக்கு வந்த கேள்வியை வழக்கம்போல விழுங்கிப் பார்த்தார். இந்தத் தடவை இறங்கவில்லை.

“கூச்சப்படாதீங்க டாக்டர். இவ்வளவு பெரிய கௌரவம் கிடைச்சிருக்கு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?” என்று பதிப்பாளர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

“அடுத்த வரி எழுதணும் சார்,” என்றார் டாக்டர். அரங்கம் திடுக்கிட்டது. அவர் நிறுத்தவில்லை. “அந்த லிஃப்ட்ல ஒரு ரிப்பேரும் இல்லை. ரெண்டு வருஷமா நீங்கதான் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. விரலை எடுங்க சார், அவ இறங்கணும்!”