ஷோகேஸ் அக்கா

விளாங்குடியில் ஒரு அலமாரித் தட்டு வெறுமையாகக் கிடந்தது என்றால், ஷோகேஸ் அக்கா அன்றைக்கு ஊரில் இல்லை என்று அர்த்தம். எழுபதுகளின் கடைசியில் எங்கள் காம்பவுண்டில் ஐந்து குடித்தனங்கள். அக்கா வாடகைக்கு இருந்தது நடு வீட்டில். ஆட்சி ஐந்து வீட்டிலும்.

அவர் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பாவம், சோற்றுத் தட்டை வைக்க இடம் தேடுவார். கண்ணாடி அலமாரியில் மட்டும் தலையாட்டிப் பொம்மையும் சிப்பி மயிலும் கலர் தண்ணீர் பாட்டில்களும் சொகுசாக உட்கார்ந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்கு உறைமோர் கேட்டு வருவார். வாய் பேசிக்கொண்டிருக்க, கை அலமாரிக்குப் போய்விடும். போன பிறகு பார்த்தால் செய்தித்தாளைப் பூப்பூவாக வெட்டித் தட்டு விளிம்பில் தொங்கவிட்டிருப்பார். அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பீங்கான் முயல் போட்டுக்கொண்டிருக்கும்.

"இந்தப் புள்ளைய யாரு உள்ள விட்டது?" என்பார் அப்பா, முயலிடமிருந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டே.

"முயலுக்கு நல்லாத்தான இருக்கு" என்பாள் அம்மா.

திருமங்கலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அக்கா முதல் நாளே வந்துவிட்டார்.

"அலமாரிய இம்புட்டு மொட்டையா வச்சிருந்தா எவன்டி கட்டுவான்?"

கூடையோடு கிளம்பினார். கம்பவுண்டர் வீட்டு அலாரம் கடிகாரம், டீச்சர் வீட்டு நடராஜர், கடைசி வீட்டு அண்ணனின் வெள்ளிக் கோப்பை எல்லாம் எங்கள் கூடத்துக்குக் குடியேறின.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா என்னை விட்டுவிட்டு அலமாரியைத்தான் பார்த்தார். எழுந்து போய்க் கோப்பையை எடுத்து எழுத்துக் கூட்டினார்.

"கபடி, முதல் பரிசு." என் பக்கம் திரும்பினார். "கபடியெல்லாம் ஆடுவியாம்மா?"

அதுவரை குனிந்திருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார். அந்த நேரம் பார்த்து அலாரம் அலறியது. அப்பா திருகினார், அம்மா கவிழ்த்தாள், நிற்கவில்லை. இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அடுக்களையிலிருந்து அக்கா வந்தார். கடிகாரத்தின் தலையில் ஒரு தட்டு. நின்றது.

"எல்லாம் எரவல்தான் மதினி. பொண்ணு மட்டும்தான் இந்த வீட்டுது."

மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"நான் போட்டுருக்க வளையலும் எங்கக்காளுதுதான்" என்றார். "எங்க வீட்டு அலமாரியும் மொட்டையாத்தான் கெடக்கு. கல்யாணம் முடியட்டும், ஒருநாளு வந்துட்டுப் போங்க."

அக்காவிடம் இப்படியெல்லாம் உபசாரத்துக்குச் சொல்லக் கூடாது. கல்யாணம் முடிந்த மாதமே சாக்குப் பையோடு திருமங்கலத்தில் பஸ் இறங்கிவிட்டார். மத்தியானம் வரை மாமியாரும் அவரும் கூடத்து அலமாரிக்கு அலங்காரம் செய்தார்கள். மாமியார் அசந்து படுத்துவிட்டார். அக்கா, "இங்கயும் கொஞ்சம் மாத்தி வச்சிர்றேன்" என்று அடுக்களைக்குள் நுழைந்தார்.

அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து உப்புக்கும் சீனிக்கும் நான் டப்பா டப்பாவாகத் திறந்து தேடிக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து காப்பி போட நின்றேன். ஏதோ நினைப்பில் கையை நீட்டினேன். சீனி டப்பா கையில் வந்தது. அதன் பக்கத்தில் காப்பித்தூள். கீழ்த்தட்டில் உப்பு ஜாடி. விளாங்குடியில் என் அம்மா எதை எங்கே வைப்பாளோ, அதை அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.