எருமைத்துறையில் வெள்ளம்

"எங்க பெரியப்பாவைத் திருடன்னு எழுதியிருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

மாட்டுவண்டிக்கார வடிவேலு அச்சுக்கூடத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். ஒரு கையில் சென்ற வாரத்துக் 'கடல்வாசி'ப் பத்திரிகை, கக்கத்தில் சாட்டை. அச்சுக்கோக்கும் மருதப்பன் எழுத்துப் பெட்டியை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"எந்தப் பெரியப்பா?"

"எருமைத்துறைப் பிள்ளையார் கோயில் மணியைத் திருடினான்னு ஒரு ஒத்தக்கண்ணனைப் பத்தி எழுதினீங்கள்ல? அவருதான். எங்க பெரியப்பாவுக்கு ஒரு கண்ணுதான்னு ஊருக்கே தெரியும்!"

வடிவேலுவின் பெரியப்பாவுக்கு எத்தனை கண் என்பது மருதப்பனுக்குத் தெரியாது. ஆனால் எருமைத்துறை என்று ஓர் ஊர் உலகத்தில் எங்கும் கிடையாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அந்த ஊரை உண்டாக்கியவனே அவன்தான்.

அது இப்படி நேர்ந்தது. மருதப்பன் பிறந்தது சிங்கப்பூரின் தேக்காப் பேட்டையில், ஓர் எருமைக் கொட்டிலுக்குப் பின்னால். அவனுடைய அப்பா அங்கே கைதியாக, காலில் விலங்கோடு வந்தவர். சர்க்காருக்குக் கல் உடைத்து, ரோடு போட்டு, விடுதலையாகி, எருமை வளர்த்துச் செத்துப்போனார். எந்த ஊரென்று மகன் கேட்டபோதெல்லாம் எழுந்து எருமை குளிப்பாட்டப் போய்விடுவார். அதனால் அவரிடம் எருமைகள் எப்போதும் பளபளவென்று இருந்தன.

சிங்கப்பூரில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் பெயரைக் கேட்குமுன் ஊரைக் கேட்பார்கள். வேலை, வாடகை அறை, பெண் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான். அச்சுக்கூட முதலாளி அழகப்பனும் அதைத்தான் கேட்டார். மருதப்பன் திருதிருவென்று விழித்தான். ஜன்னல் வழியே குட்டைத் துறையில் எருமைகள் முங்கிக் கிடப்பது தெரிந்தது.

"எருமைத்துறை," என்றான்.

"எந்தப் பக்கம்?"

"தஞ்சாவூர்ப் பக்கம். கொஞ்சம் உள்ளே தள்ளி."

"ஓ, கேள்விப்பட்டிருக்கேன். நல்ல ஊராச்சே!" என்றார் அழகப்பன்.

அவர் ஊர்ப் பைத்தியம். அவருடைய பொன்னாலங்குடியில் மாம்பழம் இளநீர் அளவுக்குக் காய்க்கும். காக்காய்கூட மரியாதையாகத்தான் கத்தும். "ஊர் சொல்லத் தெரியாதவனுக்கு என் கிட்ட வேலையும் கிடையாது, என் வீட்டுல பொண்ணும் கிடையாது," என்பது அவர் வாயில் தினம் நாலு முறை வரும்.

"கல்யாணமானதும் பொன்னாலங்குடிக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. இருபத்திரண்டு வருஷமா இவருக்கு ஒரு கப்பல் கிடைக்கல," என்று மாடியிலிருந்து அவர் மனைவி ரத்தினம்மா குரல் கொடுப்பாள்.

ஊரிலிருந்து செய்தி கொண்டுவரும் கப்பல் ஒரு வாரம் தாமதமாயிற்று. பத்திரிகையில் ஒரு பக்கம் காலி. "உன் ஊர்க் கதை ஏதாவது எழுதுடா," என்றார் முதலாளி. மருதப்பன் எழுதினான். தேக்கா எருமைகளுக்கே கொஞ்சம் தமிழ் கற்றுக்கொடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினான். பத்திரிகை பறந்தது. அதன்பின் வாரம் ஒரு கதை.

அச்சுப்படியைத் திருத்துவது மாடியிலிருந்த முதலாளி மகள் சந்திரமதி. கயிற்றில் ஒரு கூடை இறங்கும். தாளோடு மேலே ஏறும். திருத்தங்களோடு, ஓரத்தில் அவள் எழுதிய ஒரு வரியும் இறங்கி வரும். 'உங்கள் ஊர்க் குளத்தில் நான் கால் நனைக்கலாமா?' என்று ஒருநாள் எழுதியிருந்தாள். அந்தத் தாளை மருதப்பன் அச்சுக்குக் கொடுக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவளுக்காக அவன் பொய்யூருக்குக் குளமென்ன, கடலே வெட்டியிருப்பான்.

இப்போது அந்த ஊருக்குத்தான் வடிவேலு பெரியப்பாவோடு வந்து நிற்கிறான்.

ஊரே இல்லையென்று சொன்னால் வேலை போகும், சந்திரமதி போவாள். மருதப்பன் சமாதானமாகப் பேசினான். "தப்பா எழுதிட்டேன் அண்ணே. அடுத்த வாரம் சரி பண்ணிடுறேன்."

அடுத்த வாரம், ஒற்றைக்கண்ணர் உத்தமர் என்றும், மணியைத் திருடியது கிழக்குத் தெருக்காரன் என்றும் எழுதினான். வெள்ளிக்கிழமை இட்டிலிக்காரத் தங்கம் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே உள்ளே வந்தாள்.

"கிழக்குத் தெரு எங்க தெருங்க! அங்க இருக்கிறது பதினோரு வீடு. அதுல எந்த வீட்டைச் சொல்றீங்க?"

"உங்க... உங்க தெருவா?"

"பின்ன? கோடி வீடு எங்க வீடு. முருங்கை மரம் நிக்குமே."

முருங்கை மரத்தை அவன் மூன்று மாதம் முன்பு நட்டிருந்தான். காய்க்கவும் வைத்திருந்தான்.

இனி யார் மீதும் பழி போடக்கூடாது என்று யோசித்தான். கூடையில் அன்று சந்திரமதி கேட்டிருந்தாள்: 'உங்கள் ஊரில் மழையே பெய்யாதா?' மருதப்பனுக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. ஆற்றில் வெள்ளம் வந்தது, கோயில் மணியை அதுதான் அடித்துக்கொண்டு போயிற்று, யாரும் திருடவில்லை என்று எழுதினான். வெள்ளம் தத்ரூபமாக அமைந்துவிட்டது. கழுத்தளவு தண்ணீரில் எருமைகளின் கொம்பு மட்டும் தெரிந்தது என்ற வரியைப் படித்து ரத்தினம்மாவே மூக்கைச் சிந்தினாளாம்.

மறுநாள் காலை அச்சுக்கூடத்தில் இருபத்தேழு மூட்டை அரிசி இருந்தது.

"எருமைத்துறை வெள்ள நிவாரண சபை!" என்றார் அழகப்பன் கண்கள் பளபளக்க. "வடிவேலு தலைவர். தங்கம் பொருளாளர். இதுவரை நாற்பத்திமூணு ஊர்க்காரங்க சேர்ந்திருக்காங்க. உன் ஊர் ஆளுங்க இவ்வளவு பேர் இங்க இருக்காங்கன்னு நீ சொல்லவே இல்லையேடா!"

"எனக்கே தெரியாதுங்க," என்றான் மருதப்பன். அது ஒன்றுதான் அவன் அந்த வருஷம் முதலாளியிடம் சொன்ன உண்மை.

அவசர அவசரமாக ஒரு சிறப்பு இதழ் அடித்தான்: வெள்ளம் வடிந்தது, ஓர் உயிருக்கும் சேதமில்லை, இரண்டு போகத்துக்கு வண்டல் படிந்துவிட்டது, அரிசி வேண்டவே வேண்டாம். படித்துவிட்டு அழகப்பன் அவன் தோளைத் தட்டினார்.

"நல்ல சகுனம். உன் கிட்ட இதைப் பேசணும்னே இருந்தேன். சந்திரமதிக்கு உன் மேல இஷ்டம்னு அவ அம்மா சொன்னா. எனக்கும் சம்மதம். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. ஊருக்கு ஆள் அனுப்பி மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கணும். நூர்தீன் பாய் அடுத்த வாரம் நாகப்பட்டினம் கப்பல் ஏறுறாரு. அரிசியையும் அவர் கிட்டயே கொடுத்தனுப்பிடலாம்."

நூர்தீன் கைலி வியாபாரி. வருஷத்துக்கு ஒருமுறை போய்வருபவர். சிங்கப்பூர்த் தமிழர்களின் கடிதம், ஊறுகாய், ஜாதகம், சண்டை எல்லாம் அவர் பெட்டியில்தான் கடல் கடக்கும். மருதப்பன் அவரைத் தனியே பிடிக்கப் பார்த்தான். முடியவில்லை. துறைமுகத்தில் நாற்பத்திமூன்று எருமைத்துறைக்காரர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டு, "கிழக்குத் தெருவுல எங்க சித்தி", "குளத்தங்கரையில எங்க மச்சான்" என்று அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நூர்தீன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினார்.

இரண்டு மாதம் மருதப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அச்சுக் கோக்கும்போது 'எ'கரம் வரும் சொற்களையே மாற்றிப் போட்டான். ஊரையே கொள்ளைநோயில் காலி செய்துவிடலாமா என்றுகூட யோசித்தான். ஆனால் தங்கத்தின் முகத்தை நினைத்து மனம் வரவில்லை. சந்திரமதியோ, 'கல்யாணத்துக்குப் பிறகு முதலில் உங்கள் குளம், பிறகுதான் மற்றதெல்லாம்' என்று எழுதி அனுப்பினாள். அதைப் படித்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

நூர்தீன் திரும்பி வந்த அன்று அச்சுக்கூடத்தில் நிற்க இடமில்லை. மாடிப்படியில் சந்திரமதியும் ரத்தினம்மாவும். வாசலில் சபை முழுவதும். மருதப்பன் காகிதக் கட்டுக்குப் பின்னால், பின்கதவுக்குப் பக்கமாக நின்றான்.

"போனீங்களா பாய்?" என்றார் அழகப்பன்.

நூர்தீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"போனேன். ஊர்னா அது ஊர்! பிள்ளையார் கோயில், பெரிய குளம், குளம் நிறைய எருமை. மருதப்பன் பேரைச் சொன்னதும் அவங்க பெரியம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு விடல. கொழுக்கட்டை கொடுத்துத்தான் அனுப்பினாங்க. நல்ல குடும்பம். தாராளமா பொண்ணு கொடுக்கலாம்."

மருதப்பன் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"பாய், எங்க பெரியப்பா?" என்று வடிவேலு முன்னால் வந்து கேட்டான்.

"கொஞ்சம் மெலிஞ்சிட்டாரு. மத்தபடி சௌக்கியம். இருக்கிற கண்ணு நல்லா தெரியுதாம்."

வடிவேலு மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "முருங்கை மரம்?" என்றாள் தங்கம். "வெள்ளத்துல ஒரு கிளை போச்சு, மரம் தப்பிச்சுது," என்றார் நூர்தீன். தங்கம் எல்லோருக்கும் இலவசமாக இட்டிலி கொடுத்தாள். அழகப்பன் அங்கேயே பஞ்சாங்கத்தைப் பிரித்துத் தை மாதத்தில் தேதி குறித்தார். மாடிப்படியில் வளையல் சத்தம் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் மருதப்பன் ஓடினான். எருமைக் குட்டையருகே நூர்தீனைப் பிடித்துவிட்டான். மூச்சு வாங்கியது.

"பாய், என்னால பொறுக்க முடியல. அந்த மாதிரி ஒரு ஊரே கிடையாது. எங்க அப்பா விலங்கோட வந்தவரு. நான் பொறந்தது இதோ, இந்தக் கொட்டிலுக்குப் பின்னாடி. இந்தக் குட்டையைப் பார்த்துத்தான் அந்தப் பேரையே சொன்னேன்."

"தெரியும் தம்பி."

"தெரியுமா? அப்ப அரிசி?"

"நாகூர் தர்காவுல கந்தூரிச் சோத்துக்குக் கொடுத்தேன். ஏழைங்க சாப்பிட்டாங்க. அதுல பொய் இல்ல."

"அப்புறம் ஏன் பாய் முதலாளி கிட்ட அப்படிச் சொன்னீங்க? அவரு ஊர்னா உயிரை விடுற மனுஷன். என்னைக்காவது பொன்னாலங்குடிக்குப் போனா, அப்படியே என் ஊரையும் பார்க்கணும்னு கிளம்பிடுவாரே!"

நூர்தீன் குட்டையில் முங்கிக் கிடந்த எருமைகளைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

"கிளம்ப மாட்டாரு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி ரத்தினம்மாவோட அப்பா, மாப்பிள்ளை அழகப்பன் வீட்டை விசாரிச்சுட்டு வரச்சொல்லிப் பொன்னாலங்குடிக்கு அனுப்பினதும் என்னைத்தான் தம்பி. உன் எருமைத்துறைக்குப் பக்கத்து ஊர்தான் அது."