எடிலமாரின் அங்கீகாரமற்ற தழும்பு

சாந்தானா நகரத்தில் அந்த வருஷம் வயிறு இல்லாமல் இருப்பதுதான் நாகரிகம். முதலில் பல் டாக்டரின் மனைவி அறுவை செய்து வயிற்றுத் தோலைக் குறைத்துக்கொண்டாள். பிறகு பள்ளித் தலைமையாசிரியை, அதன் பிறகு பாதிரியாருக்குச் சமைத்துப்போடுகிறவள். ஊரே தட்டையாகிக்கொண்டிருக்கும்போது, நோட்டரி அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கையெழுத்துச் சரிபார்க்கும் எடிலமார் மட்டும் மூன்று பிள்ளை பெற்ற வயிற்றை இடுப்புக்கச்சைக்குள் திணித்துக்கொண்டு அலைவது என்ன நியாயம்? கண்ணாடி முன்னால் நின்று அழுதுகூடப் பார்த்துவிட்டாள். அரசு மருத்துவமனையில் இலவச அறுவைக்குப் பெயர் கொடுத்து நாலு வருஷம் காத்திருந்தாள். ஒருவழியாகக் கடிதம் வந்தது. வரும் வியாழக்கிழமை.

திங்களன்று, அறுவை செய்யப்போகும் டாக்டர் ஒலாவோ அவளைப் படுக்கவைத்துப் பார்த்தார்.

"அடிவயித்துல இருக்கறது சிசேரியன் தழும்பு. அதுல பயமில்ல, வெட்டி எடுக்கற தோலோட அதுவும் போயிடும். வலது விலாவுக்குக் கீழ சாய்வா ஒண்ணு இருக்கே, அது என்ன?"

"பித்தப்பையை எடுத்தாங்க டாக்டர். கல்யாணத்துக்கு முந்தி."

"அதுதான் வில்லங்கம். தோலைப் பிரிச்சுக் கீழ இழுத்துத் தைக்கறப்போ, அதுக்கு ரத்தம் மேலயிருந்தும் பக்கத்துலயிருந்தும்தான் வரணும். இந்தத் தழும்பு அந்த வழியைக் குறுக்க வெட்டியிருக்கு. வாய்க்காலை வெட்டிவிட்டா வயல் காயாதா? தழும்புக்குக் கீழ இருக்கற தோல் கறுத்துச் செத்துப்போகலாம்."

"அப்போ எனக்குக் கிடையாதா?"

"உண்டும்மா. மேல்வயித்தை அதிகம் தொடாம சின்னதா செஞ்சா ஆபத்து குறைவு. ஆனா ஆபீஸ்ல குடுத்த அறுவைச் சீட்டுல 'முழு அறுவை'ன்னு அச்சாயிருக்கு. அதைச் 'சிறு அறுவை'ன்னு மாத்திக்கிட்டு வாங்க. முழுசுன்னா நான் கத்தியைத் தொடமாட்டேன்."

சீட்டு மாற்றும் அதிகாரம் மருத்துவமனை ஆபீஸில் ஜெனிவால்டோ என்பவரிடம் இருந்தது. அவர் படிவத்தை மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் படித்தார்.

"தழும்புக்கு இதுல ஒரே கட்டம்தாம்மா. சிசேரியன் எத்தனை? நீங்க மூணுன்னு போட்டிருக்கீங்க. புதுசா இன்னொரு தழும்புன்னா, நாலாவது குழந்தை எங்க?"

"ஐயா, அது பித்தப்பை!"

"அந்தப் பித்தப்பைக்கு ஏதாவது சான்றிதழ் இருக்கா?"

"டாக்டரே கண்ணால பார்த்தாரே!"

"டாக்டர் பார்ப்பார். ஆபீஸ் பார்க்காது, படிக்கும். தழும்புங்கறது வெட்டு விழுந்ததுக்குத்தான் சாட்சி, ஆபரேஷன் நடந்ததுக்கு இல்ல. கத்திக்குத்தா இருந்துட்டா? அன்னிக்கு வெட்டின டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. அது அவர் கையெழுத்துதான்னு நோட்டரி அங்கீகரிக்கணும். புதன்கிழமை நாலு மணிக்குள்ள வரணும். வரலேன்னா உங்க பேர் வரிசையில கடைசிக்குப் போயிடும்."

எடிலமாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் மரியாதைதான் வந்தது. மனுஷன் வேலை தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டாள்.

பித்தப்பை எடுத்த மருத்துவமனை இப்போது உடற்பயிற்சிக்கூடம். எடுத்த டாக்டர் அனாக்லேட்டோவுக்குத் தொண்ணூற்றொரு வயது. மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். புதன் காலையில் பஸ் பிடித்துப் போய் நின்ற எடிலமாரை அவருக்குச் சுத்தமாக அடையாளம் தெரியவில்லை. அவள் சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியதும் கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இது என் கைவேலை ஆச்சே! பன்னெண்டு தையல்! இந்த ஜில்லாவுல வேற எவன் இவ்வளவு நேராப் போடுவான்?"

காப்பி கொடுத்தார், சீஸ் ரொட்டி கொடுத்தார், கேட்டதையெல்லாம் எழுதவைத்துக் கையெழுத்தும் போட்டார். கை மட்டும் நடுங்கியது. மையில் விழுந்த எறும்பு காகிதத்தில் ஏறி நடந்தது போலிருந்தது கையெழுத்து.

மூன்றரை மணிக்கு எடிலமார் தன் அலுவலகத்துக்குள் ஓடி வந்தாள். வரிசையில் பதினேழு பேர். பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் ஜுஸ்ஸாரா, டாக்டர் அனாக்லேட்டோவின் மாதிரிக் கையெழுத்து அட்டையைத் தேடி எடுத்தாள். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து, கம்பீரமாக, சுழித்துச் சுழித்து இருந்தது.

"அக்கா, அவர் கையெழுத்துப் போட்டதை நீங்களே பார்த்தீங்கல்ல? முத்திரையைக் குத்திட்டுக் கிளம்புங்க."

"நான் பார்த்தேன்டி. அட்டை பார்க்கலையே."

"அப்போ உங்க வயிறு என்ன ஆகறது அக்கா!"

"அவர் நேர்ல வந்து புது அட்டையில கையெழுத்துப் போடணும். அதான் விதி."

"தொண்ணூத்தொரு வயசுல மலையை விட்டு எப்படி இறங்குவார்? அதுவும் அரைமணி நேரத்துல?"

"போன வாரம் கையில மாவுக்கட்டோட ஒருத்தர் வந்தாரே, இடது கையால போட்ட கையெழுத்துன்னு கெஞ்சினாரே, நான் என்ன சொன்னேன்?"

"கட்டுப் பிரிச்சதும் வாங்கன்னு."

"அதோ வரிசையில நிக்கறார் பாரு. இன்னும் பிரிக்கல."

எடிலமார் அட்டையைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள், குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, 'பொருந்தவில்லை' என்ற முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினாள். கிழவர் மேல்தான் எரிச்சலாக வந்தது. பன்னிரண்டு தையல் நேராகப் போட்டவருக்கு ஒரு கையெழுத்தை நேராகப் போட முடியாதா?

ஜெனிவால்டோவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் குரல் தழுதழுத்தது.

"இந்த நாட்டுல உங்களை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்மா! உங்க பேரை வரிசையில கடைசியில போட்டுட்டேன். நாலே வருஷம். அதுக்குள்ள பெரியவரோட கைநடுக்கமும் நின்னுடும்."

இருபத்திரண்டு ஆண்டு உத்தியோகத்தில் ஒரு மேலதிகாரியும் சொல்லாத வார்த்தை. எடிலமாருக்குப் பெருமையில் உடம்பு பூரித்தது. பூரித்த பூரிப்பில் இடுப்புக்கச்சையின் கொக்கி தெறித்துப் பறந்து, கண்ணாடித் தடுப்பில் 'டங்' என்று மோதி விழுந்தது. நாலு வருஷமாக அடைபட்டுக் கிடந்த வயிறு மெதுவாக மேசை விளிம்பில் வந்து உட்கார்ந்தது.

"அடுத்தது யாரு?" என்றாள் எடிலமார்.

வரிசையில் நின்ற பதினேழு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒவ்வொருவர் கையிலும் அவள் முத்திரைக்காக ஒரு காகிதம் இருந்தது.